சொன்னதும் செய்ததும்

வெயிலை வெறுத்து வளர்ந்தவர் நாம். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில், தகரக்கூரை வேய்ந்த லயத்து வீட்டிலே, பிற்பகல் வேளையில் நிழலைத் தேடி ஓடிய நாட்களை இன்றும் மறந்தோமில்லை. அந்நாளில் எவரேனும் நம்மை அழைத்து, "நீ ஒருகாலத்தில் வெப்பத்தை விலைகொடுத்து வாங்குவாய், வாங்கிய வெப்பம் அளவிற் குறைந்ததென்று எழுத்து மூலம் வாதும் புரிவாய்" என்று கூறியிருப்பாராயின், அவரைப் பித்தர் என்றே எண்ணியிருப்போம். ஆயினும் அவ்வாறே நிகழ்ந்தது. வட இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில், நாம் குடியிருக்கும் வீட்டிலே நிகழ்ந்த அச்சிறு செய்தியையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

வெப்பம் ஊட்டும் கருவியைப் பற்றிச் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உள்ள அன்பர்கட்கு என்ன கவலை என்று கேட்கலாம். கருவி வேறாயினும் கதை ஒன்றே. அடுக்களையைப் புதுப்பிக்கவோ, குளிர்சாதனம் பொருத்தவோ, கூரையை மாற்றவோ ஒப்பந்தக்காரர் ஒருவரை அமர்த்தாத இல்லம் எங்கும் இல்லை. தாளில் எழுதியது ஒன்று, சுவரில் நின்றது மற்றொன்று என்னும் நிலையை அடையாத குடும்பத்தாரும் சிலரே. அந்நிலையில் நாம் யாது செய்கின்றோம்? ஒன்று, வாய் மூடிக் கொள்கின்றோம். அன்றேல், வாய்க்கு வந்தபடி ஏசுகின்றோம். இவ்விரண்டும் பயனற்றவை என்பதை நாம் இரண்டையும் செய்து பார்த்தே அறிந்தோம்.

நம் வீடு நூறாண்டுக்கு மேற்பட்ட செங்கல் வரிசை வீடு. அதன் சுவர்கள் திண்மையானவை. பிற்காலத்துச் சுவர்களைப்போல நடுவே இடைவெளி விட்டுக் கட்டப்பட்டவை அல்ல. ஆதலின் உள்ளே ஊட்டிய வெப்பம் அவற்றின் வழியே விரைந்து வெளியேறும். பல்லாண்டுகள் எரிவாயுப் பாய்லர் ஒன்று நீரைச் சுடவைத்து, அறைதோறும் சுவரில் பொருத்திய ரேடியேட்டர் என்னும் இரும்புத் தகட்டுப் பெட்டிகளுக்குள் ஓடவிட்டு, வீட்டை வெதுவெதுப்பாக வைத்திருந்தது. 2024ஆம் ஆண்டில் அப்பாய்லர் பழுதடைந்து நின்றது. அதற்கு ஈடாக வெப்பப் பம்பு ஒன்று பொருத்துவதென்று முடிவு செய்தோம். அரசாங்கம் 2022 முதல் இதற்கு உதவித்தொகை அளித்து வருகின்றது. 2023 அக்டோபரில் அத்தொகை 7,500 பவுனாக உயர்த்தப்பட்டது. அத்தொகை நம் கைக்கு வருவதன்று. பொருத்துபவர் நம் பட்டியலில் அதனைக் கழித்துவிட்டு, தாம் அரசிடம் பெற்றுக்கொள்வார்.

வெப்பப் பம்பு எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிந்தாலன்றி மேல்வரும் செய்தி விளங்காது. நம் வீடுகளில் உள்ள ஐஸ் பெட்டி, உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறத்தே தள்ளுகின்றதன்றோ? அவ்வேலையையே இது மறுதலையாகச் செய்கின்றது. குளிர்ந்த வெளிக்காற்றிலும் எஞ்சியுள்ள வெப்பத்தைத் திரட்டி வீட்டினுள்ளே கொணர்ந்து நீரில் சேர்க்கின்றது. ஆதலால் நன்கு அமைந்த பம்பு, ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டு ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பம் தரவல்லது. ஆனால் இதற்கொரு நிபந்தனை உண்டு. நீரை மிகச் சுடவைக்கச் சொன்னால் பம்பு திணறும்; மின்சாரச் செலவு ஏறும். ஆகவே நீரின் சூட்டைக் குறைத்து, அக்குறையை ஈடுசெய்ய ரேடியேட்டர்களைப் பெரிதாக்குதல் வேண்டும். சிறிய ரேடியேட்டரும் குறைந்த சூடும் சேர்ந்தால் அறை குளிரும். இது கருத்து வேற்றுமைக்கு இடமில்லாத கணக்கு.

அக்கணக்கை ஒப்பந்தக்காரரே நமக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பதினான்கு பக்கம் கொண்ட அத்தாளில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு வரி இருந்தது. வெளியே சூனியத்துக்குக் கீழ் 3 டிகிரி இருக்கும் நாளில் கூடத்தில் 21 டிகிரி, படுக்கையறைகளில் 18, குளியலறையில் 22 என்பது ஏற்பாடு. நம் அன்னையாரின் அறைக்கு மட்டும் 18 போதாதென்று கேட்டு 21 என்று எழுதச் செய்தோம். அவர்க்கு அப்பொழுது வயது 81. பகலிலும் பெரும்பொழுதை அவ்வறையிலேயே கழிப்பவர். அவ்வறை அத்தகைய நாளில் 760 வாட் வெப்பத்தை இழக்குமென்றும், அதனை நிரப்ப 600 மில்லிமீட்டர் உயரமும் 1,400 மில்லிமீட்டர் நீளமும் உடைய 22ஆம் வகை ரேடியேட்டர் வேண்டுமென்றும், நீரின் சூடு 45 டிகிரி என்றும் அவ்வரி கூறிற்று. 22 என்னும் எண்ணின் பொருள், தகடு இரண்டு, அவற்றின் இடையே வெப்பத்தைப் பரப்பும் மடிப்புச் சிறகு வரிசை இரண்டு என்பதாம். 11 என்றால் தகடும் ஒன்று, சிறகு வரிசையும் ஒன்று.

அக்டோபர் மாதத்தில் நான்கு நாட்கள் வேலை நடைபெற்றது. நாமும் துணைவியாரும் அலுவலுக்குச் சென்றுவிட, அன்னையார் மட்டும் வீட்டில் இருந்தார். நான்காம் நாள் மாலை ஒப்பந்தக்காரர் வந்தார், குழாயைத் தொட்டுக் காட்டினார், சூடாயிருந்தது. 'வேலை முடிந்தது' என்னும் தாளை நீட்டினார், கையெழுத்திட்டோம். எஞ்சிய தொகையையும் செலுத்தினோம். பதினான்கு பக்கத் தாளை மேசை அறையிலிருந்து எடுத்து, ஒரு நாடாவைக் கையில் பிடித்து, அறை அறையாகச் சென்று ஒத்துப் பார்த்திருந்தால் அரைமணி நேரம் ஆகியிருக்கும். அந்த அரைமணியை நாம் செலவிடவில்லை. இக்கதையின் முதற் குற்றவாளி நாமே என்பதை மறைப்பதற்கில்லை.

2025 ஜனவரி முதல் வாரத்தில் யார்க்‌ஷயர் முழுவதும் கடும் பனி பெய்தது. ஒரு ஞாயிறு காலையில் தேநீருடன் அன்னையாரின் அறைக்குட் சென்றோம். அவர் இரண்டு கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, தலையில் துண்டைச் சுற்றி, போர்வைக்குள் அமர்ந்திருந்தார். "குளிருகின்றதா, அம்மா?" என்று வினவினோம். "குளிர் நாட்டில் குளிராமல் இருக்குமா, தம்பி?" என்றார். கூடத்தில் இருந்த வெப்பமானியை எடுத்துவந்து அவர் கட்டிலருகே வைத்தோம். அரைமணி கழித்துப் பார்த்தோம். 15 டிகிரி. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டு நலக் குறிப்புகளில், குளிர்காலத்தில் வீட்டினுள் 18 டிகிரிக்குக் குறையலாகாதென்று பொதுவாக வகுத்துள்ளது; முதியோர்க்கு அதனினும் மிகுதியாக வேண்டியிருக்கலாம் என்றும் கூறுகின்றது. நம் வீட்டிலே, நம் கண்ணெதிரே, நம்மைப் பெற்றவர் அதற்கும் மூன்று டிகிரி கீழே வாழ்ந்துகொண்டிருந்தார்.

துணைவியார் தையல் நாடாவைக் கொண்டுவந்தார். ரேடியேட்டரின் நீளம் 1,400 அன்று, 1,000. மேலிருந்து குனிந்து நோக்கினோம். தகடு ஒன்றே இருந்தது. முன்னின்று பார்ப்பவர்க்கு 11ஆம் வகையும் 22ஆம் வகையும் ஒன்றுபோலவே வெண்ணிறமாய்த் தோன்றும். மேலிருந்து பார்ப்பவர்க்கே வேற்றுமை புலப்படும். பின்னர் வெளியே சென்று நோக்கினோம். பம்பிலிருந்து சுவருக்குள் நுழையும் குழாய்கட்குக் கனத்த காப்புறை இடவேண்டும் என்பது தாளின் வாசகம். இரண்டு முழ நீளத்துக்குக் குழாய் வெறுமையாக நின்றது.

"ஏன் அம்மா இதுவரை சொல்லவில்லை?" என்று சற்று வெகுண்டே கேட்டோம். அவர் உடனே விடை கூறவில்லை. பின்பு கூறினார்: "சொன்னால் அந்தப் பையனுக்குச் சம்பளம் பிடிப்பார்கள்."

நடந்தது இதுதான். அவர் அறையில் ரேடியேட்டரைப் பொருத்தியவன் இருபது வயதுடைய ஓர் இளைஞன். அவன் தாளைப் பார்த்தான், கொண்டுவந்த பெட்டியைப் பார்த்தான், தலையை அசைத்தான், தொலைபேசியில் எவரிடமோ பேசினான். மறுமுனையில் இருந்தவர் உரக்கப் பேசியது அன்னையார் காதிலும் விழுந்தது. அவர்க்கு ஆங்கிலம் சிறிதே தெரியும். ஆயினும் அவ்வுரையாடல் அவர்க்கு நன்கு விளங்கிற்று. "அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன், தம்பி. பால் நிறுக்கிற இடத்தில் கிராணி தப்பாக எழுதினார் என்று தெரிந்தும் பேசாமல் நிற்போமே, அந்த முகம்தான்" என்றார்.

அன்னையார் முப்பதாண்டுகட்கு மேல் பால்மரம் சீவியவர். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் மங்கு மாற்றி, வாளியைச் சுமந்து பால் கொட்டகைக்கு வருவார். அங்கே தராசு ஒன்று இருந்தது. பாலில் ரப்பர் எவ்வளவென்று காட்டும் மெட்ரோலாக் என்னும் கண்ணாடிக் குழலும் இருந்தது. அவை இரண்டும் காட்டிய எண்ணைக் கிராணி ஏட்டிற் பதிவார். அவ்வெண்ணே கூலி. எண்ணை எட்டிப் பார்க்க எவரும் தடை செய்யவில்லை. ஆனால் பார்த்த எண்ணும் எழுதிய எண்ணும் வேறென்று கூறுபவர்க்கு மறுநாள் மேட்டு நிரையும் வற்றிய மரங்களும் கிடைக்கும். ஆகவே எவரும் கூறார். அக்கொட்டகையிலே கற்ற மௌனத்தையே நம் அன்னையார் 2009இல் இந்நாட்டுக்கு வரும்போது உடன்கொண்டு வந்தார். அதனை இளைஞன் ஒருவனைக் காக்கும் அறமாக்கி, ஏறத்தாழ மூன்று மாதம் குளிரில் அமர்ந்திருந்தார்.

அன்றிரவு நாம் மின்னஞ்சல் ஒன்று எழுதினோம். அதில் 'மோசடி' என்றும் 'திருடர்' என்றும் எழுதினோம். துணைவியார் படித்துவிட்டு, "இந்தச் சொற்களை நீங்கள் எதைக் கொண்டு மெய்ப்பிப்பீர்கள்? நாடா காட்டியதை மட்டும் எழுதுங்கள். அதற்கு மறுப்பில்லை" என்றார். நமக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் எழுதியதை அழித்தோம். சினத்தோடு எழுதிய கடிதத்துக்கு எதிராளி சினத்துக்கே விடை அளிப்பார், அளவை விட்டுவிடுவார். இதனை நாம் அன்று உணர்ந்தோமில்லை; பின்னர் உணர்ந்தோம்.

அடுத்த நாள் முதலில் தொலைபேசியில் பேசினோம். ஒப்பந்தக்காரர் இனிய சொல்லர். நம்மை நண்பரே என்று விளித்தார். மூன்று விடைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூறினார். அவற்றை ஆராய்ந்தால் எல்லா ஊர் ஒப்பந்தக்காரர்களின் விடைகளும் அவற்றுள் அடங்கும்.

முதல் விடை: "இதுவும் அதுவும் ஒன்றே. நீரின் சூட்டை 45இலிருந்து 55 ஆக்கிவிடுகிறேன், அறை சூடாகிவிடும்." இதற்கு மறுமொழி கூறக் கணக்கொன்றே போதும். ரேடியேட்டரின் மேல் உற்பத்தியாளர் அச்சிடும் வாட் எண், உள்ளிருக்கும் நீர் அறையைவிடச் சராசரி 50 டிகிரி மிகுந்த சூட்டில் இருக்கும்போது உரியது. நீர் 45இல் புகுந்து 40இல் வெளியேறினால் சராசரி 42½. அறை 21 எனின் வேற்றுமை 21½ தான். அந்நிலையில் அச்சிட்ட எண்ணில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கிடைக்கும். தாளில் கண்ட ரேடியேட்டர் ஏறத்தாழ 800 வாட் தந்திருக்கும். சுவரில் நின்றது 330 வாட்டே தந்தது. நீரை 55 ஆக்கினாலும் அது 540ஐ ஒட்டியே நிற்கும், வேண்டியதோ 760. மேலும் நீரின் சூடு ஒரு டிகிரி ஏறுந்தோறும் பம்பின் திறன் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை என்னும் அளவில் குறையும். பத்து டிகிரி ஏற்றினால், ஓர் அறையின் குறையை மூடுவதற்காக வீடு முழுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு திறனை இழந்து, ஆண்டுதோறும் மின்கட்டணமாக நாமே செலுத்துவோம். குறையை அவர் செய்ய, விலையை நாம் கொடுப்பதே அவர் கூறிய பரிகாரம்.

இரண்டாம் விடை: "வேலை முடிந்ததென்று கையெழுத்திட்டீர்களே!" இட்டது மெய், அது நம் அறியாமைக்குச் சான்று. ஆனால் இந்நாட்டில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் தம் தொழிலைப் பற்றி நம்மிடம் கூறியதை அல்லது எழுதிக் கொடுத்ததை நம்பி நாம் ஒப்புக்கொண்டோமாயின், அக்கூற்று ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகிவிடும். வேலை அதற்கொப்ப அமையாவிடின், தகுந்த காலத்துக்குள், அவர் செலவிலேயே, மீண்டும் செய்து தரும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. அது இயலாதபோது விலையைக் குறைக்கக் கேட்கலாம். சட்டம் விதித்த இக்கடமைகளைத் தம் படிவத்து வாசகம் ஒன்றால் அவர் விலக்கிக்கொள்ள முடியாது.

மூன்றாம் விடை: "அந்தப் பையன் செய்த தவறு. அவனைக் கவனித்துக்கொள்கிறேன்." இவ்விடையைக் கேட்டபோது நம் உள்ளம் திடுக்கிட்டது. அன்னையார் அஞ்சியது இதனையே அன்றோ? அவர் மூன்று மாதம் குளிரைத் தாங்கியும் காக்க முடியாத இளைஞனை, நம் ஒரு தொலைபேசிப் பேச்சு பலிபீடத்தில் ஏற்றிவிட்டது.

நாம் தொலைபேசியை வைத்துவிட்டுக் கடிதம் எழுத அமர்ந்தோம். இம்முறை நாடாவும் வெப்பமானியுமே பேசின. தாளில் கண்டது ஒரு வரிசையிலும், சுவரில் கண்டது ஒரு வரிசையிலும், நாள், நேரம், நிழற்படம் ஆகியவை அவற்றின் பக்கத்திலுமாக அமைத்தோம். இரண்டு குறைகளையே எழுதினோம். மூன்றாவது ஒரு மாற்றமும் இருந்தது. பம்பைப் பக்கச் சுவரில் வைப்பதாக எழுதியிருந்தவர் பின்கட்டில் வைத்திருந்தார். ஆனால் வேலை தொடங்கிய முதல் நாளே அதற்குக் காரணம் கூறினார். தனி அனுமதி பெறாமல் பொருத்தும் பம்பு, அண்டை வீட்டு எல்லையிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல் விலகியிருக்கவேண்டும் என்பது இங்கிலாந்தில் அப்பொழுது இருந்த விதி. பக்கச் சந்தில் அவ்விடைவெளி இல்லை. அவ்விதி 2025 மே மாதத்தில் நீக்கப்பட்டது; எனினும் அன்று அவர் கூறியது சரியே. நாமும் இசைந்தோம். எனவே கடிதத்தில் அம்மாற்றம் நன்கு செய்யப்பட்டதென்று எழுதினோம். இதனை எழுதும்போதுதான் நமக்கே ஓர் உண்மை தெளிவாயிற்று. ஒப்பந்தத்திலிருந்து மாறுவது குற்றமன்று. கேளாமல் மாறுவதே குற்றம். சுவரைத் திறந்தால் எதிர்பாராதது தோன்றும். கடையில் பொருள் கிடைக்காமற் போகும். அப்பொழுது வந்து சொல்பவர் நேர்மையாளர். சொல்லாதவர் நம் அறிவை மட்டுமன்று, நம் இசைவையும் இல்லையென்று கருதியவர்.

கடிதத்தின் இறுதியில் மூன்று செய்திகளைச் சேர்த்தோம். பதினான்கு நாட்களுக்குள் இவ்விரண்டையும் சீர்செய்து தருக என்பது ஒன்று. ஒப்பந்தம் நமக்கும் நிறுவனத்துக்கும் உரியது. ஆதலின் குறையும் நிறுவனத்தின் பொறுப்பே. எந்தத் தனித் தொழிலாளியின் மீதும் நாம் குறை கூறவில்லை, ஒருவர் கூலியில் கைவைத்து இதற்கு ஈடு தேடுவதை விரும்பவும் இல்லை என்பது இரண்டு. விடை வராவிடின் அவர் உறுப்பினராயுள்ள நுகர்வோர் ஒழுங்கு மன்றத்துக்கும், முன்பணம் கடனட்டையில் செலுத்தியமையால் அட்டை நிறுவனத்துக்கும் எழுதுவோம் என்பது மூன்று. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுனுக்கு மேல் 30,000 பவுன் வரை விலையுள்ள பொருளுக்கும் பணிக்கும், விற்றவரோடு அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்குகின்றது. அதற்கும் அப்பால் 10,000 பவுன் வரையுள்ள வழக்குகளைச் சிறு வழக்கு முறையில் வழக்கறிஞர் இன்றியே நடத்தலாம். ஆனால் நீதிமன்றத்தின் பெயரை நாம் கடிதத்தில் எழுதவில்லை. கடைசிப் படியை முதற்படியிலேயே காட்டுவது வலிமையன்று.

நீதிமன்றம் எல்லாவற்றையும் நம் விருப்பப்படி செய்யும் என்று எண்ணுவதும் பிழை. இந்நாட்டில் புகழ்பெற்ற வழக்கொன்று உண்டு. ஒரு வீட்டுக்காரர் தம் தோட்டத்தில் நீச்சற்குளம் கட்டச் செய்தார். ஆழம் 7 அடி 6 அங்குலம் என்பது ஒப்பந்தம். கட்டி முடித்தபோது மிக ஆழ்ந்த இடத்திலும் 6 அடி 9 அங்குலமே இருந்தது. இடித்துக் கட்ட 21,560 பவுன் வேண்டும் என்றார் அவர். வழக்கு அந்நாளைய உச்ச மன்றமாகிய பிரபுக்கள் சபைவரை சென்றது. 1995இல் சபையார், குளம் நீந்துவதற்குத் தகுதியாகவே உள்ளது, இடித்துக் கட்டும் செலவு நியாயத்துக்கு மிஞ்சியது என்று கூறி, இன்பக் குறைவுக்காக முதல் நீதிபதி வழங்கிய 2,500 பவுனையே நிலைநிறுத்தினர். இதிலிருந்து நாம் கற்றது இரண்டு. ஒவ்வோர் அங்குலத்துக்கும் வீட்டை இடிக்கச் சொல்லுதல் ஆகாது. ஆனால் எந்த நோக்கத்துக்காக ஒரு பொருளை வாங்கினோமோ அந்நோக்கமே கெடுமாயின், அங்குலமும் பெரிது. நம் அன்னையாரின் அறையில் கெட்டது அழகன்று, வெப்பம். அதனைச் சீராக்கச் சுவரை இடிக்கவும் வேண்டுவதில்லை. ஒரு ரேடியேட்டரை மாற்றினாற் போதும்.

இடையில் நண்பரொருவர், "வேறொருவரை அழைத்து நீங்களே மாற்றிவிட்டுப் பட்டியலை அவருக்கு அனுப்புங்கள்" என்றார். அது தவறான வழி. தவறு செய்தவர்க்கு அதனைத் திருத்தும் வாய்ப்பை முதலில் அளித்தல் வேண்டும். அதற்குமுன் பிறர் கைபட்டால், எது எவர் செய்த குறை என்பதே குழம்பிவிடும், உத்தரவாதமும் ஆட்டங்காணும். பன்னிரண்டு நாட்கள் காத்திருந்தோம். அதுவரை சிறு மின்கணப்பு ஒன்றை அன்னையாரின் அறையில் வைத்தோம். அதன் செலவையும் குறித்துவைத்தோம்.

ஜனவரி இறுதியில் ஒப்பந்தக்காரர் தாமே வந்தார். உடன் அதே இளைஞனும் வந்தான். 1,400 நீளமுடைய இரட்டைத் தகட்டு ரேடியேட்டரை இருவரும் சுமந்துவந்தனர். இளைஞன் பொருத்த, முதலாளி வெளிக்குழாய்க்கு உறையிட்டார். நீரின் சூடு 45இல் நிறுத்தப்பட்டது. இம்முறை நாம் அலுவலுக்குச் செல்லவில்லை. தாளும் நாடாவும் கையில் இருந்தன. அளந்து பார்த்த பின்னரே கையெழுத்திட்டோம். மின்கணப்புச் செலவுக்காக 60 பவுனை அவர் திருப்பி அளித்தார். வாதாடவில்லை. நம் பதினான்கு பக்கத் தாளைக் கண்டு, "இதனை எவரும் படிப்பதில்லை" என்று நகைத்தார். அவர் நகைத்தது நம்மைத்தான் என்பது நமக்கு விளங்கிற்று. அவர் கூறியதில் உண்மையும் இருந்தது.

அன்னையார் இளைஞனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். பின்பு நம்மை அருகே அழைத்து, "கேள், தம்பி" என்றார். எதனைக் கேட்கச் சொல்கின்றார் என்பது நமக்குத் தெரியும். முதலாளி வெளியே சென்ற சமயத்தில் கேட்டோம். "இல்லை, எதுவும் பிடிக்கவில்லை" என்றான் அவன். சற்று நின்று, "அன்றைக்கே இது சரியான அளவன்று என்று அவரிடம் சொன்னேன்" என்றும் கூறினான். அதனைத் தமிழில் அன்னையார்க்குச் சொன்னோம். "அவன் சொன்னான், நான்தான் சொல்லவில்லை" என்றார் அவர்.

அன்பர்களே! ஒப்பந்தக்காரர் அனைவரும் வஞ்சகர் என்று கூற நாம் இதனை எழுதவில்லை. கைத்தொழில் புரிவோரை இழிவாக எண்ணி, எடுத்ததற்கெல்லாம் குற்றம் காண்பவரும் நம்மவருள் உளர். அவர் வழியும் நம் வழியன்று. நாம் கூறுவது சிறு செய்தி. எண்ணாலும் அளவாலும் எழுதி வாங்குக. வேலை நடக்கும்போதே ஒத்துப் பார்க்க; பணம் கொடுக்குமுன் அளந்து பார்க்க. மாறியிருந்தால் காரணத்தை முதலில் கேட்க. காரணம் தக்கதாயின் மனமாற ஏற்க. தகாததாயின், அளந்ததை மட்டும் எழுதி, அதற்குரியவருக்கு அனுப்புக. கடையூழியன் தலையில் அது விழாதவாறு காக்க. மேலும் வீட்டிலுள்ள முதியோர், "ஒன்றுமில்லை" என்று கூறுவதை விடையாகக் கொள்ளற்க. அவர்கள் மௌனத்தைக் கற்ற பள்ளி வேறு.

இப்பொழுது அன்னையாரின் கட்டிலருகே வெப்பமானி ஒன்று மாட்டியிருக்கின்றோம். காலையில் தேநீர் கொண்டு செல்லும்போது அவரே எண்ணைப் படித்துச் சொல்கின்றார். சென்ற பிப்ரவரியில் ஒருநாள் 19 என்று படித்துவிட்டு, "இரண்டு குறைகிறது, தம்பி, எழுது" என்றார். சென்று பார்த்தோம். சன்னலை அவரே திறந்துவைத்து மறந்திருந்தார். ஆயினும் எழுதிக்கொண்டோம்.